சிட்டு யாரிடம் சொன்னாள்?

அத்தியாயம் 9

மருந்துச் சீட்டை நீட்டிய கையை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் மருந்தம்மா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா.

மருந்தம்மா நின்றுகொண்டிருந்தது அவளுடைய வழக்கமான கடையில் அல்ல. அவள் கடை மார்க்கெட் தெருவில். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் இந்தக் கிளையில் வேலை பார்ப்பவர் திடீரென்று லீவு போட்டுவிட்டார். "ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்துக்கோங்கம்மா" என்று முதலாளி நேற்றுச் சாயங்காலம் கேட்டுக்கொண்டதால் வந்திருந்தாள். அது சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் இந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டாள்.

"நீங்க... இந்தக் கடையிலயா?"

"இன்னைக்கு மட்டும்" என்றாள் மருந்தம்மா.

சம்பந்தியம்மாவின் விரல்கள் சீட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளப் பார்த்தன. அதற்குள் இருபத்திரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. மருந்தம்மா சீட்டை வாங்கிப் படித்துவிட்டாள்.

கோழி கிளறியது போல எழுதும் டாக்டர்களின் எழுத்தெல்லாம் அவளுக்கு அச்சடித்தது மாதிரி. முதல் வரி, மகளின் பெயர். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுகிற பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இவளே எழுதிக் கொடுத்த முழுப் பெயர். அதன் கீழே இரும்புச்சத்து மாத்திரை. கால்சியம். அதற்கும் கீழே, கரு நிலைப்பதற்காகக் கொடுக்கிற மாத்திரை. ஓரத்தில் சின்னதாக, இருபதாவது வாரம். கடைசியில், ஸ்கேன், இன்று மாலை நான்கு மணி.

இருபது வாரம். ஐந்து மாதம்!

ஏழு வாரமாக மகள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காததன் காரணம் இப்போது தெரிந்தது. "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைம்மா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சர்வே ஆபீஸில் வரைபடம் வரைகிறவளுக்கு அப்படி என்ன தலைபோகிற வேலை என்று யோசித்து யோசித்து, கடைசியில் மருமகனோடுதான் ஏதோ சண்டை என்று இவள் முடிவு கட்டியிருந்தாள். அதற்காக நேற்றுக்கூட இரண்டு வாய் குறைவாகத்தான் சாப்பிட்டாள்.

கண்கள் சீட்டில் இருக்க, கைகள் தம் வேலையைப் பார்த்தன. இழுப்பறையைத் திறந்தாள். அட்டைகளை எடுத்தாள். கத்தரிக்கோலால் எண்ணி வெட்டினாள். சின்னக் கவர்களில் போட்டு மேலே பேனாவால் குறித்தாள்.

"இது சாப்பாட்டுக்கு அப்புறம். இதையும் அதையும் ஒண்ணாச் சேர்த்துக் குடுக்கக் கூடாது. நடுவுல ரெண்டு மணி நேரம் விடணும்."

"தெரியும்" என்றாள் சம்பந்தியம்மா. "நாலு மாசமா நான்தானே குடுக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதாவது... அவளே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தா. இன்னைக்கு ஸ்கேன் முடிஞ்சதும்..."

"பின்னாடி ஆள் நிக்கறாங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

சம்பந்தியம்மா தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் வாசலருகே தயங்கினாள். பிறகு போய்விட்டாள்.

அடுத்து நின்ற பெரியவர் இருமலுக்கு மருந்து கேட்டார். மருந்தம்மா எடுத்துக் கொடுத்தாள். "அம்மா, இது தலைவலித் தைலம்" என்றார் அவர்.

* * *

மருந்தம்மாவின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. நாள் முழுக்க ஊர் ஜனங்கள் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு தங்கள் ரகசியங்களைச் சொல்வார்கள். மூலம், சேற்றுப்புண், தூக்கமின்மை, மாமனாருக்குத் தெரியாமல் வாங்குகிற சிகரெட்டை நிறுத்தும் சூயிங்கம் வரை. முன்பின் தெரியாதவர்கள்கூட நம்பிச் சொல்கிறார்கள். பெற்ற பெண்ணுக்கு மட்டும் வாய் வரவில்லை.

அதுவாவது போகட்டும். யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்!

சம்பந்தியம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காலமெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் "சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வார்த்தையில் ஒரு குழைவு சேர்ந்துவிட்டது. பெண் பார்த்த காலத்தில் அந்தக் குரலைக் கேட்டு மருந்தம்மாவே சிரித்திருக்கிறாள். "தேன்குரல்" என்று வீட்டில் பட்டப்பெயர்கூட வைத்தாள். கல்யாணமான ஆறாவது மாதம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

சிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டால், "அத்தைதான் நல்லா இருக்கும்னாங்க." காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாள். "அத்தை வீட்ல பழகிடுச்சு." ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து கை கழுவுவதற்குள் பதினோரு தடவை "அத்தை சொன்னாங்க" என்றாள். மருந்தம்மா மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவதற்குக் காத்திருந்தாள். அது வாசலில் செருப்பு மாட்டும்போது வந்தது.

இப்போது கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி வேறொரு கணக்குப் போட்டாள். நாலு மாதம். முதல் முறை தள்ளிப்போனபோது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாந்தியின்போது நெற்றியைப் பிடித்தது அந்தக் கை. குழந்தை முதன்முதலில் உள்ளே அசைந்திருந்தால் சிட்டு யாரைக் கூப்பிட்டிருப்பாள்? காற்றாலையில் மெக்கானிக்காக இருக்கும் மருமகன் மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பான். வயிற்றில் கை வைத்துப் பார்த்ததும் அந்த அம்மாளாகத்தான் இருக்கும்.

அந்த நினைப்பு வந்ததும் மருந்தம்மா முதலாளிக்குப் போன் போட்டாள்.

"எனக்கு மத்தியானம் லீவு வேணும். நீங்க வந்து நில்லுங்க."

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஆமா" என்றாள். அது பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை.

* * *

மருந்தம்மாவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டேடியத்துக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில், தலையில் பலகை கட்டிய வெள்ளைக் கார் ஆமை மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் நாற்பது வயசுப் பல் டாக்டரம்மா ஒருத்தி ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் வாத்தியார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

மருந்தம்மா குறுக்கே போய் நின்றாள். கார் நின்றது. பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன, இந்த நேரத்துல?" என்று வாத்தியார் திரும்பினார்.

"நீங்க பாடத்தை நடத்துங்க. நான் பாட்டுக்குக் கேக்கறேன்."

"கிளட்சை மெதுவா விடுங்க டாக்டர்... அப்படித்தான்..."

கார் நகர்ந்தது.

"சிட்டு முழுகாம இருக்கா. உங்களுக்குத் தெரியுமா?"

கார் குலுங்கி நின்றது. மூன்று பேரும் முன்னால் சாய்ந்து பின்னால் விழுந்தார்கள்.

"சார், பிரேக் போட்டது நான் இல்ல" என்றாள் பல் டாக்டரம்மா.

வாத்தியாருடைய பாதம் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. மருந்தம்மாவுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒரு ரெண்டு மாசமா..."

"ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா என் எதிர்ல உக்காந்து மூணு வேளையும் சாப்பிட்டீங்க. டிவியில கண்டவன் வீட்டுக் கதையெல்லாம் பார்த்து என்கிட்ட விளக்கம் கேட்டீங்க. இதைச் சொல்லணும்னு ஒரு தடவைகூட வாய் வரல?"

"அவ சொல்லாதீங்கன்னு கெஞ்சினா. நான் என்ன பண்ணட்டும்? வண்டியை எடுங்க டாக்டர், முதல் கியர்."

"உங்ககிட்ட அவளாச் சொன்னாளா?"

மருந்தம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கணவர்மேலேயே பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"இல்ல. சிக்னல்ல பக்கத்துப் பக்கத்துல வண்டி நின்னுச்சு. வாடகைக் கார்ல சம்பந்தியம்மாகூட வந்துட்டிருந்தா. கையில பெரிய ஸ்கேன் கவர். பார்த்தேன், புரிஞ்சுபோச்சு. கண்ணாடியை இறக்கி 'அப்பா'ன்னு ஒரு பார்வை பார்த்தா பாரு... அதுக்குள்ள பச்சை விழுந்துடுச்சு. சாயங்காலம் போன் பண்ணி அழுதா."

"நீங்க பார்த்துட்டதால உங்களுக்குத் தெரிஞ்சுது. சரி. அந்தம்மாகிட்ட அவளாப் போய்ச் சொல்லியிருக்கா. அப்ப நான் யாரு? மருந்துக்கடைக்காரியா? சீட்டு வந்தாத்தான் எனக்குத் தெரியணுமா?"

வாத்தியார் முன்கண்ணாடி வழியே மைதானத்தைப் பார்த்தபடி இருந்தார். கார் இரண்டாவது வட்டத்தை ஆரம்பித்தது.

"போன தடவை, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மூணாம் மாசம் கலைஞ்சு போச்சே... அன்னைக்கு வார்டுல நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்? மூணு நாள் நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். அவ துணியைத் துவைச்சேன். ஸ்பூன்ல எடுத்து ஊட்டினேன். அதைச் சொல்றீங்களா?"

"அவ கண்ணு முழிச்சதும் நீ சொன்ன முதல் வார்த்தையைச் சொல்றேன். 'ஸ்கூட்டர்ல ஆபீஸ் போகாதே போகாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? நீயாப் பண்ணிக்கிட்டதுதானே இது?'"

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்னே. நான் கால்மாட்டுல நின்னுட்டிருந்தேன். மறுநாள் உன் அக்காவுல ஆரம்பிச்சு உறவுக்காரங்க அத்தனை பேரும் அவளுக்குப் போன் போட்டு, 'ஸ்கூட்டராமே, ஸ்கூட்டராமே'ன்னு கேட்டாங்க."

"பெத்தவ வயித்தெரிச்சல்ல ஏதோ சொல்லியிருப்பேன். அதை இத்தனை நாள் முடிஞ்சு வச்சுக்குவாளா? துணி துவைச்சதை மறந்துட்டாளா?"

"மறக்கல. அதையும்தான் என்கிட்ட சொல்லி அழுதா."

மருந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வார்டு ஞாபகம் வந்தது. பச்சைத் திரை, மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய், மகளின் வறண்ட உதடு எல்லாம் வந்தன. தான் பேசியது மட்டும் வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் தன் வாயில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. "தலையால அடிச்சுக்கிட்டேன்" என்பது அவளுடைய வார்த்தைதான். வேறு யாரும் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை.

"அந்தம்மா அன்னைக்கு என்ன சொன்னாங்களாம்?" என்று கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணும் சொல்லலையாம்."

அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது. ஒன்றுமே சொல்லாமல் ஒருத்தி ஜெயித்திருக்கிறாள்.

பல் டாக்டரம்மா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மருந்தம்மாவைப் பார்த்து, "அம்மா, நான் வேணா இறங்கிக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீங்க எதுக்கு இறங்கணும்? காசு குடுத்துக் கத்துக்க வந்தவங்க. நாலு மணிக்கு ஸ்கேன். சென்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம். என்னை அங்க கொண்டுபோய் விடுங்க."

"மெயின் ரோடா? சார், நான் இன்னும் மூணாவது கியரே..."

"அங்க போகாதே" என்றார் வாத்தியார். "இன்னைக்கு அவளே சொல்லப்போறா. ஒரு நாள் பொறு."

"ஏன்? நான் போனா வயித்துல இருக்கற குழந்தை பயந்துக்குமா?"

பல் டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டு, இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டு, மைதானத்தை விட்டு வெளியே திருப்பினாள். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை அணைந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்தியபடியே வந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் இரண்டாயிரம் அறிவுரை சொல்லும் மருந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கும்போது, "நல்லா ஓட்டறீங்க" என்று மட்டும் சொன்னாள்.

* * *

ஸ்கேன் சென்டரின் முதல் மாடியில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். தண்ணீர் பாட்டிலும் கையுமாகக் கர்ப்பிணிகள். அவர்களோடு வந்தவர்கள் சுவரில் மாறுகிற டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோடியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சிட்டுவின் கைப்பை. காலடியில் சிட்டுவின் செருப்பு, தன் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சிட்டுவின் மூக்குக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல்.

அந்தக் கண்ணாடி சிட்டுவுக்கு ஏழு வயசிலிருந்து உண்டு. கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. தினமும் காலையில் அதைத் துடைத்து மாட்டிவிட்டது மருந்தம்மாதான். கல்யாணத்தன்று காலையிலும் அவள்தான்.

சம்பந்தியம்மா அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க. வருவீங்கன்னு தெரியும்."

"எங்க அவ?"

"உள்ள துணி மாத்தப் போயிருக்கா. இப்பக் கூப்பிடுவாங்க. நீங்க உக்காருங்க."

"இது உங்க வீடா, என்னை உக்காரச் சொல்றதுக்கு?"

பக்கத்து நாற்காலிக்காரி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சம்பந்தியம்மா குரலை இன்னும் தாழ்த்தினாள். அந்தத் தேன்குரல் தாழ்ந்தால் இன்னும் இனித்தது. மருந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாராவாரம் சொல்றேங்க, அம்மாகிட்ட சொல்லும்மா, சொல்லும்மான்னு. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தா."

"நீங்க சிபாரிசு பண்ணித்தான் என் பொண்ணு என்கிட்ட பேசணுமா?"

"அப்படி இல்லீங்க..."

"வேற எப்படி? முடி வெட்டினா உங்களைக் கேட்டு. காபி குடிச்சா உங்களைக் கேட்டு. இப்ப இது. ஒண்ணொண்ணா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள். முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"நான் எதையும் எடுக்கல. அவ கொண்டுவந்து வச்சா. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. எனக்குப் பொண்ணு கிடையாது." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? எங்கம்மா இப்படித் தலை துவட்டுவாங்க, எங்கம்மா இப்படிப் போர்த்திவிடுவாங்கன்னு அவ சொல்லாத நாளே இல்ல. நான் துவட்டினா, 'இல்ல அத்தை, நானே பண்ணிக்கறேன்'னு துண்டை வாங்கிக்குவா. எனக்கு எரிச்சலா வரும். இன்னைக்குத்தான் வெளியில சொல்றேன்."

மருந்தம்மா இதை எதிர்பார்க்கவில்லை. கேட்டதும் உள்ளே ஒரு மூலையில் சில்லென்று இருந்தது. அந்த அம்மாளுக்கும் எரிந்திருக்கிறது! இவ்வளவு நாளில் இன்றுதான் அவள்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஏனென்றால் சம்பந்தியம்மா கண்ணாடியை மடக்கி, பெட்டியில் வைத்து, சிட்டுவின் கைப்பையின் இரண்டாவது அறையைப் பார்க்காமலேயே திறந்து உள்ளே போட்டு மூடினாள். எந்தப் பொருள் எந்த அறையில் என்று அவளுக்குப் பழகியிருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து மகளின் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கூட ஒருத்தர் உள்ள வரலாம். ஒருத்தர் மட்டும்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடி எடுத்து வைத்தார்கள். இரண்டு பேரும் நின்றார்கள்.

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சீக்கிரம். டாக்டர் ஆரம்பிக்கப் போறாங்க."

சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்க" என்றாள்.

மருந்தம்மாவுக்கு முகம் சிவந்தது. தன்னுடைய இடத்தை அவள் தூக்கித் தானமாகக் கொடுக்கிறாள். நீ விட்டுக்கொடுத்து நான் போக வேண்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கால்கள் ரோஷத்தைக் கேட்கவில்லை. அவள் நர்ஸின் பின்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

* * *

அறை இருட்டாக இருந்தது. ஏசியின் குளிர். மூலையில் டாக்டரின் திரை மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. சுவரில் இன்னொரு திரை. சிட்டு கட்டிலில் படுத்து, கதவுக்கு முதுகு காட்டி, சுவர்த் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வயிற்றை மருந்தம்மா இப்போதுதான் பார்த்தாள். மேட்டின் விளிம்பு திரை வெளிச்சத்தில் தெரிந்தது. அவள் நினைத்துக்கொண்டு வந்த சொற்களில் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டன.

காலடிச் சத்தம் கேட்டு, சிட்டு திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினாள்.

"சீக்கிரம் வாங்க அத்தை. கையைக் குடுங்க."

மருந்தம்மா நின்றாள்.

நான் அத்தை இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். சொன்னால் இந்தக் கை என்ன செய்யும்? இழுத்துக்கொள்ளுமா? அதைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவள் கையைக் கொடுத்தாள். சிட்டுவின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

டாக்டரம்மா வயிற்றில் களிம்பைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் கருப்பும் வெள்ளையும் புரண்டன. டாக்டர் பேசவில்லை. கருவியை இந்தப் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பக்கம் நகர்த்தினாள். பொத்தானைத் தட்டினாள். மறுபடி நகர்த்தினாள்.

"அத்தை" என்று சிட்டு முணுமுணுத்தாள். "ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க? அன்னைக்கும் இப்படித்தான் பேசாமலே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம்தான்..."

மருந்தம்மாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. தைரியமா இரு, ஆழமா மூச்சு விடு, ராத்திரி ஒழுங்காச் சாப்பிட்டியா, வண்டியில வந்தியா. ஒன்றும் சொல்ல வழியில்லை. வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கட்டைவிரலால் மகளின் விரல் கணுக்களை மெதுவாகத் தடவினாள். திரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்றும் அந்தத் திரையில் எது கை, எது கால் என்று அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றில் இருப்பது நல்லபடியாக இருக்கட்டும், என்னிடம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாவற்றையும் அந்த அம்மாளிடமே சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள்.

"உள்ள இருக்கற ஆள் சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க" என்றாள் டாக்டர். "முதுகைக் காட்ட மாட்டேங்கறாங்க. அதான் லேட். இருங்க... இதோ. ஹார்ட்டைக் கேளுங்க."

பொத்தானை அழுத்தினாள். தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில் ஒரு சத்தம் அறையை நிரப்பியது.

சிட்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இறுக்கிப் பிடித்த கையைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கண்ணீர் மருந்தம்மாவின் புறங்கையில் இறங்கியது.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றாள் டாக்டர். "அளவெல்லாம் எடுத்துக்கறேன், அசையாம இருங்க."

சிட்டு குரலைத் தாழ்த்தினாள். சின்ன வயசில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதை சொல்வாளே, அதே குரல்.

"அத்தை, இன்னைக்கு அம்மாகிட்ட சொல்லிடலாம். இனிமே தள்ளிப்போட வேண்டாம். பாவம் அம்மா. ஏழு வாரமா நான் வரலைன்னு என்னென்ன நினைச்சுக்கிட்டு இருப்பாங்களோ." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நான் சொல்றப்ப நீங்க என் பக்கத்துலயே இருக்கணும், சரியா? அவங்க மறுபடி ஏதாவது சொல்லிட்டா எனக்குத் தாங்காது அத்தை. நீங்க இருந்தா நான் சமாளிச்சுக்குவேன்."

மருந்தம்மாவின் கட்டைவிரல் தடவுவதை நிறுத்தியது. மகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சமாதானப்படுத்துவது போல அவளே இரண்டு தட்டுத் தட்டினாள்.

பொறாமை என்பது இத்தனை நாளும் மருந்தம்மாவுக்கு மற்றவள்மேல் வருகிற ஒன்றாக இருந்தது. இப்போது அது தன் கையின் மேலேயே வந்தது. இந்தக் கை வேறொருத்தியுடையது என்று நம்பி இப்படிப் பிடித்திருக்கிறாள். இதன் சொந்தக்காரி யார் என்று தெரிந்தால் இப்படிப் பிடிப்பாளா?

டாக்டரம்மா கருவியைத் துடைத்து வைத்தாள். திரையைப் பார்த்தபடியே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் தட்ட ஆரம்பித்தாள்.

"கூட வந்திருக்கறது யாரு? உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்கம்மா" என்றாள் சிட்டு.

யோசிக்கவே இல்லை. இந்த நாலு மாதமாக, இந்த மாதிரி இடங்களில் யார் கேட்டாலும் சம்பந்தியம்மாவைக் காட்டி அவள் சொல்லிவந்த பதில் அதுதான் என்று, அது வந்த வேகத்திலேயே தெரிந்தது. மருந்தம்மா உதட்டைக் கடித்தாள். மகள் இந்த வார்த்தையை அந்த அம்மாளுக்குத்தான் கொடுத்தாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது இவள்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். மங்கலான வெளிச்சத்தில் கண்களை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு மேலாக மருந்தம்மாவைப் பார்த்தாள்.

"அம்மாவா? போன தடவை உங்ககூட வந்தவங்க இவங்க இல்லையே. அவங்க இன்னும் உயரமா, குட்டை முடியோட இருந்தாங்களே..."

கன்னத்தோடு சேர்ந்திருந்த விரல்கள் அப்படியே நின்றுபோயின. சிட்டு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது மருந்தம்மாவுக்குக் கேட்டது. கையை அவள் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பிறகு, மிக மெதுவாக, மருந்தம்மாவின் மோதிர விரலின் கணுவை ஒரு விரல் தடவிப் பார்த்தது. இருட்டில் ஒரு பொருளை அடையாளம் பார்ப்பது போல.

"நர்ஸ்" என்றாள் டாக்டர், "அந்த லைட்டைப் போடுங்க."